மூன்று எழுத்து: கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கேள்வி

எங்கள் ஆரணிப் பக்கம் ஒரு பெண் "பை எடுத்தாச்சு" என்று சொன்னால் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எப்போ எடுத்தது, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆச்சு என்று கேட்பார்கள். எதையெல்லாம் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பப்பைதானே, அதில் கேட்க என்ன இருக்கு என்றுதான் நினைக்கிறோம்.

ஆனால் அந்தப் பெண்ணின் அடுத்த இருபது, முப்பது வருடம் அந்தக் கேள்வியைத்தான் பொறுத்திருக்கிறது. கர்ப்பப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. அதன் இரண்டு பக்கமும் பாதாம்கொட்டை அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. ஓவரி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஆனால் சினைப்பைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால், வயது 35 ஆக இருந்தாலும் சரி, அடுத்த சில நாட்களுக்குள் அந்த உடம்பு மெனோபாஸுக்குப் போய்விடும். இயற்கையாக நிற்கும்போது அது பல வருடங்களில் மெல்ல மெல்ல நடக்கிறது. இது படியில் இறங்குவதற்கும் மாடியிலிருந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

என் அத்தை ஒருவருக்கு 38 வயதில் இந்த ஆபரேஷன் நடந்தது. பட்டுத்தறிக் குடும்பம். தார் சுற்றிக்கொண்டும், குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்துக்கொண்டும் இருந்தவர். கட்டி, அதிக ரத்தப்போக்கு என்று ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். 58 வயதில் சும்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு டாக்டர் பழைய காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டுறவு சங்கப் பாஸ்புக்கோடு பீரோவில் பத்திரமாக இருந்த டிஸ்சார்ஜ் தாளில் ஒரே ஒரு வரி: டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ. முதல் மூன்று எழுத்து, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்ததைச் சொல்கிறது. அடுத்த மூன்று எழுத்து, இரண்டு பக்கச் சினைக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்ததைச் சொல்கிறது. இருபது வருடம் அந்தத் தாள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அத்தைக்கு யாரும் அதைப் படித்துச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி ராத்திரி உடம்பு திகுதிகுன்னு எரிந்ததையும், தூக்கம் போனதையும் "எனக்கு ஏதோ உஷ்ண உடம்பு" என்று சொல்லியே சமாளித்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். யாருக்கும் மருந்து சொல்ல இதை எழுதவில்லை. அந்த பி.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்து எப்படி இவ்வளவு சாதாரணமாக ஒரு தாளில் ஏறியது, அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியதை ஏன் யாரும் கொடுக்கவில்லை என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் நம் பக்கத்துக் கதை. ஆரணியும் வேலூரும் ராணிப்பேட்டையும் அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலை செய்த ஊர்கள். அந்த மிஷனின் ஸ்கட்டர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கட்டரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரான அவர் அப்பாவை அழைத்துப்போக மூவருமே மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1902ல் வேலூரில் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். அதற்கு முன்பே சென்னையில் மேரி ஷார்லீப் இருந்தார். 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். லண்டனில் மேற்படிப்பை முடித்துவிட்டு 1883ல் திரும்பி வந்து, 1885ல் கோஷா பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். அன்றைய பிரச்சினை ஒரு பெண்ணை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வயிற்றைத் திறந்தால் பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்த காலத்தில், உள்ளே எதை விட்டுவைப்பது என்று யார் யோசிப்பார்கள்?

மேல்நாட்டில் அதே காலத்தில் நேர் எதிரான ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1872ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர், மாதவிலக்கை நிறுத்துவதற்காக ஒரு பெண்ணின் சினைப்பைகளை எடுத்தார். இங்கிலாந்தில் லாசன் டெய்ட், ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹேகர் ஆகியோரும் அதே சமயத்தில் அதே வேலையைச் செய்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அது ஒரு ஃபேஷனாகிவிட்டது. வலி, வலிப்பு, 'ஹிஸ்டீரியா' என்று எதற்கெடுத்தாலும் சினைப்பையை எடுத்தார்கள். நோயே இல்லாத உறுப்பு அது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சினைப்பை என்ன செய்கிறது என்பது மருத்துவத்துக்குத் தெரிய வந்ததே அதை எடுத்த பிறகுதான். எடுத்த பெண்களுக்கு என்ன ஆனது என்று பார்த்த பிறகு, வியன்னாவில் எமில் க்னாவர் முயல்களில் ஒரு சோதனை செய்தார். சினைப்பையை எடுத்தால் கர்ப்பப்பை சுருங்கியது. அதையே உடம்பின் வேறு இடத்தில் ஒட்டி வளர்த்தால் சுருங்கவில்லை. அதாவது நரம்பு வழியாக அல்ல, ரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்று போகிறது. 1900 வாக்கில் இது தெளிவாகிவிட்டது. அந்த 'ஏதோ ஒன்றை' 1929ல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்டும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஈஸ்ட்ரோன் என்று அதற்குப் பெயர். கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுத்தது. அதே 1929ல்தான் அமெரிக்காவின் ரிச்சர்ட்சன், கர்ப்பப்பையை முழுதாக எடுக்கும் முறையை எளிமையாக்கி வெளியிட்டார், இன்றைய டி.ஏ.ஹெச். அதன் வழி வந்ததுதான். ஆபரேஷனும் மருந்தும் ஒரே வருடத்தில் கிளம்பியிருக்கின்றன. முதலாவது ஆரணி வரை வந்து சேர்ந்துவிட்டது.

மருந்து மாத்திரையாகக் கடைக்கு வந்தது 1940களின் தொடக்கத்தில். சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரிமாரின், 1942ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மெனோபாஸ் என்பதே ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் என்றைக்கும் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. பெண்ணின் எலும்பையோ இதயத்தையோ விட, கணவனுக்கு அவள் எப்படித் தெரிகிறாள் என்பதில்தான் அவருக்குக் கவலை அதிகம். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது, மாத்திரையும் விற்றது. 1975ல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன.

அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்ப்பது. அது கர்ப்பப்பைச் சுவரைக் காப்பாற்றும். ஆக, 1975க்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வைத்தியங்கள் வந்துவிட்டன. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு இரண்டு ஹார்மோன். இல்லாதவர்களுக்குக் காப்பாற்ற வேண்டிய சுவரே இல்லை என்பதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி சில நிலைகளில்தான் விதிவிலக்கு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் குழப்பம் முழுக்க இதை மறந்ததால் வந்ததுதான்.

1990களில் அமெரிக்க அரசு, பெண்கள் நலத்துக்காக மிகப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெயர். ஹார்மோன் பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பேருக்கு இரட்டை ஹார்மோன் அல்லது போலி மாத்திரை. கர்ப்பப்பை எடுத்த 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் அல்லது போலி மாத்திரை. 2002 ஜூலையில் முதல் பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 26 சதவீதம் என்பது தப்பில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால், 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் 30 பேருக்கு வரவேண்டியது 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் தலைப்பைப் படித்தவர் மனதில் பதிந்த அளவு வேறு.

இரண்டாவது பகுதி, அதாவது கர்ப்பப்பை எடுத்த பெண்களின் பகுதி, 2002ல் நிறுத்தப்படவே இல்லை. அது 2004 வரை ஓடியது. பக்கவாதம் 10,000 பேருக்கு வருடத்தில் 12 கூடுகிறது என்று தெரிந்ததும் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் அதில் கூடவில்லை, குறைவாகத்தான் இருந்தது. இடுப்பெலும்பு முறிவு 10,000க்கு 6 குறைந்தது. பிறகு வந்த நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்பது இன்னும் உறுதியானது. இதெல்லாம் தலைப்புச் செய்தியாகவில்லை. 2002ன் பயம் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டது. தங்களைப் பற்றியே இல்லாத ஒரு செய்தியைக் கேட்டு, கர்ப்பப்பை எடுத்த பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள்.

இதற்கு என்ன விலை? யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் சாரெல் குழு 2013ல் ஒரு கணக்குப் போட்டது. 50லிருந்து 59 வயதுக்குள் உள்ள, கர்ப்பப்பை எடுத்த அமெரிக்கப் பெண்கள் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்ததால், பத்து வருடத்தில் குறைந்தது 18,601 பேர், அதிகபட்சம் 91,610 பேர் முன்கூட்டியே இறந்திருக்கலாம் என்றது அந்தக் கணக்கு. இரண்டு எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். மதிப்பீடுதான், அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கீழ் எண்ணே போதும்.

இன்னொரு கவனம் தேவை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 50 வயதிலிருந்து 79 வரை. சராசரி வயது 63. என் அத்தையைப் போல 38 வயதில் சினைப்பையை இழந்தவருக்கு அந்தப் பக்கவாதக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. அவருக்குப் பொருந்துவது வேறு ஆய்வு. அமெரிக்காவில் மேயோ கிளினிக் இருக்கும் வட்டாரத்தில், 1950லிருந்து 1987 வரை சினைப்பை எடுத்த பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். வால்டர் ரோக்கா குழு 2006ல் வெளியிட்ட முடிவு இது: 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பையையும் எடுத்தவர்களில் இறப்பு அதிகம், அதுவும் முக்கியமாக, 45 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்படாதவர்களிடம். ஞாபக மறதி நோயும் கூடுதல் என்று அடுத்த வருடம் சொன்னார்கள். 2009ல் 29,380 செவிலியர்களின் தரவை வைத்து வில்லியம் பார்க்கர் குழு பார்த்ததும் அதே திசையில்தான் போனது. சினைப்பையை எடுத்ததால் சினைப்பைப் புற்றுநோய் குறைந்தது உண்மை. ஆனால் இதய நோயும் மொத்த இறப்பும் கூடின. புற்றுநோய் வராமல் இருக்கட்டும், கையோடு இதையும் எடுத்துவிடலாம் என்று பல பத்தாண்டுகளாக ஆபரேஷன் மேஜையில் எடுத்துவந்த முடிவுக்கு அடியிலிருந்த கல்லே அதோடு ஆடிப்போனது. பரம்பரையாக அந்தப் புற்றுநோய் வரும் குடும்பங்களுக்கு எடுப்பதில் நியாயம் உண்டு, அது தனிக் கதை.

இவற்றின் அடிப்படையில் இன்று உலகின் மெனோபாஸ் சங்கங்கள் சொல்வது சுலபமானது. சின்ன வயதில் இரண்டு சினைப்பையும் போய்விட்டால், மார்பகப் புற்றுநோய் மாதிரி தடை எதுவும் இல்லாதவரை, இயற்கையாக நிற்கும் வயது வரை ஈஸ்ட்ரோஜன் கொடுங்கள். இது கூடுதலாகக் கொடுப்பது இல்லை, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. இந்தியப் பெண்களுக்கு இயற்கையாக நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேல்நாட்டில் 51 வாக்கில். மாத்திரையாகவும் கொடுக்கலாம், தோலில் தடவும் ஜெல்லாகவும் கொடுக்கலாம். ஜெல் கல்லீரல் வழியாகப் போகாததால் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவர்களும் முழுதாகத் தப்பிவிடுவதில்லை. நியூசிலாந்தில் செய்த ஆய்வில், சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கும் மெனோபாஸ் சுமார் மூன்றே முக்கால் வருடம் முன்னதாக வந்தது. மாதவிலக்குதான் ஏற்கெனவே இல்லையே, மெனோபாஸ் வந்ததே தெரியாது. இதைச் சொல்லி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வரலாறு வேறு மாதிரி. அமெரிக்கப் பெண் 2002ல் பயந்து மாத்திரையை நிறுத்தினாள். நம் பெண்களில் பெரும்பாலோருக்கு நிறுத்துவதற்கே மாத்திரை இருந்ததில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்களின் எண்ணிக்கையை நம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு முதன்முதலாகக் கேட்டதே 2015-16ல்தான். 15லிருந்து 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 3.2 சதவீதம். ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7. ஆபரேஷன் நடந்தபோது நடு வயது 34. மூன்றில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. இதில் பலருக்கு மருந்திலேயே, அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலேயே தீர்வு கிடைத்திருக்கும்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டக் கதை செய்திகளில் வந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒரு நாள் லீவு போட்டாலும் மேஸ்திரிக்கு அபராதம் கட்டவேண்டியவர்கள், மாதவிலக்கே வேண்டாம் என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். 2019ல் நீலம் கோர்ஹே தலைமையிலான குழு 82,309 பெண்களைக் கேட்டதில், 13,861 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் நடந்தவற்றை வைத்து டாக்டர் நரேந்திர குப்தா 2013ல் உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரல் 5ல் தீர்ப்பு வந்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022ல் தந்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது.

நல்ல தீர்ப்பு. அதோடு எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நம் விவாதம் முழுக்க ஆபரேஷன் தேவையா இல்லையா என்பதிலேயே நிற்கிறது. ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்போது என்ன என்ற கேள்வி யார் மேஜையிலும் இல்லை. குடும்ப நலக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளைத் தேடிப் படித்தேன். கர்ப்பப்பையை எடுத்தார்களா, எத்தனை வருடம் ஆச்சு, எங்கே, ஏன் என்று நான்கு கேள்விகள். சினைப்பை பற்றி ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருவில் கேட்காத அதே கேள்வியைத்தான் நாடும் கேட்காமல் விட்டிருக்கிறது. டேட்டாபேஸ் கட்டும் என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: அட்டவணையில் எந்தக் கட்டம் இல்லையோ, அந்தப் பிரச்சினை அந்த நிறுவனத்துக்கு இல்லாத பிரச்சினை.

பணமும் இதில் ஒரு பங்கு. 2005-06ல் கைத்தறி நெசவாளர்களுக்கு மத்திய அரசு காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு வருடம் 15,000 ரூபாய், அதில் பாதி வரை படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் உண்டு. அந்த இரண்டாவது பகுதி அருமையான யோசனை. பின்னால் வந்த பெரிய திட்டங்கள் எல்லாம் ஆபரேஷனைச் சுற்றியே கட்டப்பட்டன. ஒரு நாள் ஆபரேஷனுக்குப் பணம் உண்டு, அதைத் தொடர்ந்து பத்து வருடம் போடவேண்டிய மாத்திரைக்கு இல்லை. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. என் அத்தைக்கும் பி.பி. மாத்திரை அப்படித்தான் வருகிறது. பி.பி. ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று கேட்க அந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

இப்போது 58, 60 வயதில் புதிதாக ஈஸ்ட்ரோஜன் தொடங்குவது வேறு கணக்கு; பக்கவாதம், ரத்த உறைவு ஆபத்து கூடும் வயது. அங்கே எலும்புக்குத் தனி மருந்து, டெக்ஸா ஸ்கேன், கால்சியம், நடை என்று வழி மாறும். ஆனால் 35லும் 40லும் எடுத்துவிட்டு, இன்னும் 45ஐத் தொடாத பெண்கள் எங்கள் ஊர்த் தறிவீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை தாளைத் தேடுவது. டி.ஏ.ஹெச். என்றோ, கீழ்வழியாக எடுத்திருந்தால் வி.ஹெச். என்றோ மட்டும் இருந்தால், பெரும்பாலும் சினைப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன. கூடவே பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டும் போய்விட்டன. யு.எஸ்.ஓ. என்றால் ஒரு பக்கம் மட்டும். டிஸ்சார்ஜ் தாள் தொலைந்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட் எங்கேயாவது இருக்கும். எடுத்த உறுப்புகளின் பட்டியல் அதன் முதல் வரியிலேயே வரும். அதுவும் இல்லையென்றால், ஒரு ஸ்கேனும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையும் போதும், சினைப்பை இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மகப்பேறு டாக்டரே சொல்லிவிடுவார். தாளை எடுத்துக்கொண்டு போகும்போது ஆபரேஷன் நடந்த வருடத்தையும் அப்போதைய வயதையும் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.